ஏறுற வண்டிக்கு வழி

ஜூன் 9, ஞாயிறு

இன்றைக்கும் ஏத்தத்தில் பாண்டிச்செல்வி என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள். தொடர்ந்து ஆறாவது வாரம்.

வத்தலக்குண்டு சைக்கிள் குழுவில் நான் சேர்ந்த அன்று எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். "வில்பட்டிப் பொண்ணா? அப்ப ஏத்தமெல்லாம் தண்ணி பட்ட பாடா இருக்குமே." இவர்களுக்கு யார் சொல்வது? எங்கள் ஊரில் சைக்கிள் என்பது இறங்குவதற்கு மட்டும்தான். காலையில் ஏதாவது ஒரு கேரட் வண்டியை மறித்து, சைக்கிளைப் பின்னால் தூக்கிப் போட்டு, கொடைக்கானலுக்கு ஸ்கூலுக்குப் போவோம். சாயங்காலம் வீடு வரைக்கும் உருண்டு வருவோம். ஏத்தத்தில் மிதிக்கிறவன் எங்களுக்கு ஒன்று வெளிநாட்டுக்காரன், இல்லை கிறுக்கன்.

பாண்டி அய்யம்பாளையத்துக்காரி. மலையடிவாரத்தில் தென்னந்தோப்புக்குள் பிறந்தவள். எப்படித்தான் ஏறுகிறாளோ. "ஏலே தேவசேனா, உசுரோட இருக்கியா?" என்று மேலே இருந்து கத்துகிறாள். பதில் சொல்ல மூச்சு இருந்தால்தானே.

இறங்கும்போது கதையே வேறு. அம்மணி ரெண்டு பிரேக்கையும் பிடித்தால் பிடித்ததுதான். ரப்பர் கருகுகிற நாத்தம் எனக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தது. கீழே நான் ஒரு டீயும் ரெண்டு வடையும் முடித்த பிறகு வந்து சேர்ந்தாள், முகமெல்லாம் வெளிறிப்போய். நான் சிரித்துவிட்டேன். "நீ ஏறும்போது நான் சிரிச்சேனா?" என்றாள். இல்லை. மேலே காத்துக்கொண்டு நின்று தண்ணி பாட்டிலை நீட்டினாள். எனக்கு ஏன் இந்த வாய்?

ஜூன் 15, சனி

அப்பாவோடு பிக்கப்பில் இறங்கினேன். கேரட் மூட்டைக்கு மேல் சைக்கிளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். வெள்ளனே கிளம்பியும் வத்தலக்குண்டு சேர எட்டு மணி. எங்கள் அப்பா வேலப்பன் வண்டி ஓட்டினால் அப்படித்தான். கொண்டை ஊசி வளைவில் கீழே இருந்து எது ஏறி வந்தாலும் நின்றுவிடுவார். பஸ்ஸுக்கும் நிற்பார், டூவீலருக்கும் நிற்பார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி 'வாங்க வாங்க' என்று ஆட்டுவார்.

"நம்ம லோடு வண்டி, அது வெறும் ஸ்கூட்டி. அதுக்கு எதுக்குப்பா நிக்கிறீங்க?"

"ஏறுறவங்களுக்குத்தான் வழி. அவங்க நின்னா மறுபடி எடுக்கணும். நமக்கென்ன, பிரேக்கை விட்டா உருளும்."

மலையில் எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். அப்பா கொஞ்சம் கூடுதல். ஒரு ஸ்கூட்டிக்காரி பயந்துபோய் அவளும் நின்றுவிட்டாள். ரெண்டு பேரும் மாறி மாறிக் கையை ஆட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

ஒப்பந்தம் போட்டாச்சு. நான் அவளுக்கு இறக்கம் சொல்லித் தரணும், அவள் எனக்கு ஏத்தம்.

சனிக்கிழமை ராத்திரி இப்போதெல்லாம் பாண்டி வீட்டில்தான் தங்கல். அவள் அம்மா அன்னக்கொடி என்னைப் பார்த்ததும், "மலைக்குப் போறதுக்குள்ள இந்தப் பிள்ளைய ரெண்டு கிலோ ஏத்தி அனுப்பணும்" என்று சோத்தைக் கொட்டுகிறார். ரெண்டு கிலோவையும் ஞாயித்துக்கிழமை நான்தான் மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

பாண்டி சொல்லித் தருகிற முறை உலகத்தில் யாருக்கும் இருக்காது. பேசிக்கொண்டே ஏறுகிறாள். அவள் சின்னம்மா கல்யாணத்தில் சாம்பார் அண்டா கவிழ்ந்த கதை. அண்டாவைக் கவிழ்த்தது மாப்பிள்ளை வீட்டு ஆளா, பொண்ணு வீட்டு ஆளா என்பதில் சண்டை. யார் என்று சொல்லப்போகிற இடத்தில் கொஞ்சம் வேகம் கூட்டிவிடுகிறாள். "மிச்சம் வேணும்னா மேல வா." பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். "சொல்லித் தொலை." "இப்பப் பேசுற பாரு, இதுதான் உன் வேகம். பேச முடியாட்டி ரொம்ப வேகமாப் போறன்னு அர்த்தம். பேசிக்கிட்டே இருந்தா சோம்பேறின்னு அர்த்தம்."

எங்கள் கோச் முருகானந்தம் சார் ஸ்டாப்வாட்சும் விசிலும் வைத்து ரெண்டு மாசமாகச் சொன்னது இதுதான் என்று இப்போதுதான் புரிகிறது.

ஜூன் 30, ஞாயிறு

அண்டாவை யார் கவிழ்த்தது என்று இன்னும் சொல்லவில்லை. பாவி.

ஜூலை 14, ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது.

தாண்டிக்குடி ரோட்டில் பாதி ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காப்பித் தோட்டத்துக் கேட் ஓரம் ஒதுங்கினோம். பாண்டி நடுங்கிக்கொண்டு நின்றாள். குளிரில் என்று நினைத்தேன். "ஈர ரோட்டில எப்பிடிடி எறங்குறது?" என்றாள். போன வருஷம் ஈர ரோட்டில் விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்ததாம். இத்தனை நாளாக எனக்குச் சொல்லவே இல்லை. நான் வேறு டீக்கடையில் உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரித்தவள்.

"சக்கரத்தைப் பாக்காத. ரோட்டையும் பாக்காத. என் முதுகைப் பாரு. நான் சாஞ்சா சாயி, நான் நிமிந்தா நிமிரு. பின்பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடு, புடிச்சுத் தொங்காத."

முன்னால் மெதுவாக இறங்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக இறங்கியதே இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் 'வலது, இடது' என்று கத்திக்கொண்டே போனேன். பின்னால் பதில் வரும். நாலைந்து வளைவு கழித்துப் பதில் வர வேண்டிய இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சிரிப்பு, மழையோடு சேர்ந்து. கடைசி நேர் ரோட்டில் என்னைத் தாண்டியே போய்விட்டாள்.

"பயம் போயிருச்சா?"

"இல்ல. பயத்தோடயே வந்துட்டேன்."

ரெண்டு பேரும் சேறும் சகதியுமாக அவள் வீட்டுக்குள் நுழைந்ததற்கு அன்னக்கொடி அம்மா விளக்குமாற்றை எடுத்தார். அப்புறம் பருப்புச் சோறு போட்டார். எனக்கு இப்படி ஒரு சிநேகிதி இதுக்கு முன்னால் இருந்ததில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஜூலை 28, ஞாயிறு

சார் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 18 மாவட்டத் தேர்வுப் பந்தயம். ஒவ்வொருத்தராக ஒரு நிமிஷ இடைவெளியில் விடுவார்கள். ஆறு கிலோமீட்டர் ஏறி, திரும்பி, ஆறு கிலோமீட்டர் இறங்கணும். பெண்களில் முதல் ரெண்டு பேர் மாநிலப் போட்டிக்கு.

ரெண்டு பேர். நான், அவள். கணக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது. பழனி சுசித்ரா மட்டும் நடுவில் இல்லாவிட்டால். அவள் அப்பாவுக்கு அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. அவளுக்குக் கார்பன் சைக்கிள், ஒரு கையால் தூக்கலாம். ஓட்டுவதும் அவ்வளவு லேசாகத்தான் ஓட்டுவாள்.

"அவளை மூணாவது ஆக்கிருவோம்" என்றாள் பாண்டி. சிரித்தோம். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. சுசித்ரா முதல் என்றால், மிச்சம் ஒரு இடம்தான். எனக்கு அந்த இடம் வேணும். ரொம்ப வேணும். பொய் எதுக்கு, இதில் வேறு யார் படிக்கப் போகிறார்கள்?

ஆகஸ்ட் 17, சனி

பாண்டி வீடு. நம்பர் கொடுத்துவிட்டார்கள். நான் அஞ்சு, சுசித்ரா ஒன்பது, பாண்டி பதினேழு. நாளைக்கு ரெண்டு மணி நேரம் ரோட்டை அடைக்கிறார்களாம், ஒரு வண்டி வராது.

தூங்கப் போகுமுன் பாண்டி சொன்னாள்: "நாளைக்கு நீ எனக்காகப் பாக்காத, நான் உனக்காகப் பாக்க மாட்டேன். யாரு வந்தாலும் வந்ததுதான்." கை கொடுத்தோம். அவள் கை சில்லென்று இருந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எப்படி எழுதுறது? நடந்ததை நடந்தபடி எழுதிடுறேன்.

ஏத்தம் நல்லாப் போனேன். இதுவரைக்கும் அப்படி ஏறினதே இல்ல. திரும்புற இடத்துல சார் விரலைக் காட்டினார் — நான்தான் அதுவரைக்கும் முதல். இனி இறக்கம். இறக்கத்துல என்னைப் புடிக்க இந்த ஜில்லாவுல ஆள் இல்ல, அது அவங்களுக்கும் தெரியும். எதிரே ஒவ்வொருத்தியா ஏறி வந்துக்கிட்டே இருந்தாளுக. உருண்டேன்.

பாதி வழியில ஒரு கொண்டை ஊசி. உள்பக்கம் மணல் சரிஞ்சு கெடக்கு. பாண்டி மணலைத் தவிர்த்து ரோட்டு நடுவுல ஏறி வந்தா. எனக்குப் போக இடம் இருந்துச்சு. தாராளமா இருந்துச்சு. நான் என்ன செஞ்சேன்? பிரேக்கைப் புடிச்சு, ஓரத்துல ஒதுங்கி, காலைக் கீழ ஊனி — கையை ஆட்டி 'வா வா'ன்னேன்.

ரேஸ்ல. முதல்ல வந்துக்கிட்டிருக்கும்போது. நின்னு. வழி விட்டேன்.

"ஏண்டி நிக்கிற, போ"ன்னு அவ கத்தினதுக்கு அப்புறம்தான் முழிச்சேன். மறுபடி ஷூவைப் பெடல்ல மாட்டி, மிதிச்சு —

சுசித்ரா 33 நிமிஷம் 41. பாண்டி 33.47. நான் 33.50.

மூணு செகண்ட்.

போர்டைப் பார்த்துட்டுப் பாண்டி என்கிட்ட வந்தா. சந்தோஷமா வருவான்னு நெனச்சேன், நானும் சிரிக்கத்தான் மூஞ்சியைத் தயார் பண்ணினேன். எல்லாரு முன்னாடியும் கேட்டா: "எனக்காக நின்னியா? உன்கிட்ட நான் பிச்சை கேட்டேனா?"

பழக்கம்டி, மலையில ஏறுறவங்களுக்குத்தான் வழின்னேன். "ஒரு வண்டி கூட இல்லாத ரோட்டுலயா?"ன்னா. அவ்வளவுதான். சைக்கிளை உருட்டிக்கிட்டுப் போயிட்டா. அன்னக்கொடி அம்மா வீட்டுல கறி எடுத்து வச்சிருந்தாங்க. நான் நேரா பஸ் ஏறிட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஸ்கூலுக்குப் போகவில்லை. கால்வலி என்றேன்.

ஆகஸ்ட் 21, புதன்

சார் போன் செய்தார். "பாண்டிச்செல்வி போக மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்குதும்மா. அது போகலைன்னா மூணாவது வந்தது நீ. ஃபாரம் போன்ல அனுப்புறேன், பிரிண்ட் எடுத்துக்க. அப்பா கையெழுத்தோட முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள வரணும்."

போனை வைத்ததும் எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். பக்கென்று ஒரு சந்தோஷம், வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதுக்கு அப்புறம்தான் பாண்டி ஞாபகம் வந்தாள். அந்த வரிசையை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அப்பா ஃபாரத்தைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவே இல்லை, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ராத்திரிக்குள் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 24, சனி

அய்யம்பாளையம் போனேன். சைக்கிள் இல்லாமல், வெறும் கையோடு. பாண்டி தோப்பில் ஓலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு முனையைப் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலைந்து ஓலை இழுத்தோம்.

"நீ போ பாண்டி. நேரம் உன்னோடது."

"நீ பிச்சையாப் போட்டது."

"சத்தியமா இல்ல. கால் தானா எறங்கிருச்சு."

ஓலையைக் கீழே போட்டாள். "செரி. ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த எடத்துல நான் இல்லாம வேற எவளாச்சும் ஏறி வந்திருந்தா நின்னுருப்பியா?"

நின்றிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? ரேஸுக்கு முதல் நாள் ராத்திரி அவள் கை சில்லென்று இருந்தது எனக்குள் எங்கேயோ கிடந்து, அதுதான் பிரேக்கைப் பிடித்ததோ?

"பாத்தியா" என்றாள். கோபம்கூட இல்லை. "கீழ விழுந்து எந்திரிச்சு, பயத்தோட பயமா எறங்கக் கத்துக்கிட்டேன். ஒரு தடவையாச்சும் நானா ஜெயிக்கணும்னு இருந்துச்சு. அதையும் நீ குடுத்ததா ஆக்கிட்டியே."

நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அன்னக்கொடி அம்மா ஒரு பையில் முருங்கைக்காய் கட்டிக் கொடுத்தார். வழியெல்லாம் அது மடியில் கிடந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நாலு மாசத்தில் முதல் தடவையாக ஞாயித்துக்கிழமை வீட்டில். பூண்டுக் காட்டில் களை எடுத்தேன். அம்மா ரெண்டு தடவை நெத்தியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஸ்கூல் விட்டு வந்ததும் போன். பாண்டி. எடுத்தால் என்னமோ மூச்சு வாங்குகிற சத்தம். அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறாள்.

"எலே லூசு. நீ சுசித்ராவுக்கும் நின்னியாமே."

"அவளுக்கு எப்ப நின்னேன்?"

சுசித்ரா அவளுக்குப் போன் போட்டிருக்கிறாள். அந்த வில்பட்டிப் பொண்ணு நம்பர் வேணும், தேங்ஸ் சொல்லணும் என்று. "மேல ஒரு வளைவுல நான் ஏறி வர்றப்ப நின்னு, 'வாங்க வாங்க'ன்னு கையை ஆட்டினாங்க. அது ரூலா? நான் பாட்டுக்கு ரூலுதான் போலன்னு பயந்து, எறங்கும்போது ஒரு புள்ளைக்கு ஸ்லோ பண்ணிட்டேன்" என்றாளாம்.

யோசித்துப் பார்த்தேன். கண்ணை மூடி, அந்த ரோட்டை வளைவு வளைவாக இறங்கிப் பார்த்தேன். ஆமா. மேலே பலாமரத்து வளைவு. ஒரு கால் கீழே. சிவப்பு ஹெல்மெட். ஐயோ.

அப்பாவும் மகளும் ஒரே அச்சு.

பாண்டியோடு நானும் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்தவே முடியவில்லை. நடுவில்தான் உறைத்தது — சுசித்ராவுக்கும் எனக்கும் ஒன்பது செகண்ட்தான். ரெண்டு இடத்திலும் நிற்காமல் வந்திருந்தால்? சிரிக்கச் சிரிக்க வயிறு எரிந்தது. பாண்டியும் அதைக் கணக்குப் போட்டுவிட்டாள். சிரிப்பு நின்றது.

"அப்ப நீதானடி ஃபர்ஸ்ட். நீ போ. நான் கோவத்துல சொல்லல, நெசமாத்தான் சொல்றேன்."

ஃபாரம் என் புத்தகப் பைக்குள்தான் இருந்தது. கையெழுத்தோடு. அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது.

"இல்ல. நின்னது நான், கடிகாரம் நிக்கல. நான் விட்டுக்குடுக்கல பாண்டி, தோத்துட்டேன். கூறுகெட்டத்தனமாத் தோத்துட்டேன். அத நல்லவத்தனம் ஆக்காத. நீயா ஏறி, நீயா எறங்கி, என்னைய மூணு செகண்டுல ஜெயிச்ச. அது உன்னோடது."

அப்புறம்தான் உண்மையிலேயே அழுதாள். நானும்தான். எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் பெயர் இருக்கிற எல்லோரும் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

அப்பாவிடம் எல்லாத்தையும் சொன்னேன். மாநிலப் போட்டிக்கு நான் போகவில்லை என்பதையும். "ரேஸ்லயுமா நிப்பாக?" என்றார். திட்டப் போகிறார் என்று பார்த்தால் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கண்ணு கலங்கிக் கெடக்கு அவருக்கு. தெருவில் சொன்னதை எல்லாம் இனி ஒவ்வொரு வீடாகப் போய்த் திருப்பிச் சொல்ல வேண்டும், பாவம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும்.

மாநிலப் போட்டி ஒரு பைபாஸ் ரோட்டில். மேடும் இல்லை பள்ளமும் இல்லை, இட்லித் தட்டு மாதிரி. நான் எதுக்குப் போனேன்? சைக்கிளைப் பிடிக்க. இங்கே காலை ஊன்றிக் கிளம்பக் கூடாதாம். ரெண்டு காலும் பெடலில் மாட்டியிருக்க, பின்னால் ஒரு ஆள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கணும். அஞ்சு, நாலு என்று எண்ணி முடித்ததும் விடணும். சார் யாரையோ ஏற்பாடு செய்திருந்தார். பாண்டி, "தேவசேனா புடிச்சாத்தான் ஏறுவேன்" என்றுவிட்டாள்.

பிடித்தேன். அவள் மொத்த பாரமும் என் ரெண்டு கையில்.

"சாஞ்சிர மாட்டேன்ல?"

"நான் இருக்கேன்ல. முன்னாடி பாரு."

எண்ண ஆரம்பித்தார்கள். தள்ளக் கூடாது, தள்ளினால் தண்டம். ஒன்று என்றதும் கையை எடுத்தேன். அவ்வளவுதான் என் வேலை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனாள். நேராக, கொஞ்சமும் ஆடாமல். அந்த முதுகு சின்னதாகிச் சின்னதாகி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் ஓட்டியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்குமா? வந்திருக்கும். ஆனால் இது வேற சந்தோஷம்.

அடுத்து ஒரு பொண்ணு வந்தாள், எந்த ஜில்லாவோ. அவளுக்குப் பிடிக்க வர வேண்டிய ஆள் வரவில்லை. அழுகிற மாதிரி அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். நேரம் ஓடுகிறது. நான் என்ன செய்ய முடியும்? பிடித்தேன். நன்றாகவே பிடித்தேன்.

சுசித்ரா நாலாவது. பாண்டி ஒன்பதாவது. அந்தப் பொண்ணு எட்டாவது.

விஷயம் தெரிந்ததிலிருந்து பாண்டி என் முதுகில் அடித்த அடி கொஞ்சநஞ்சம் இல்லை. "எனக்கு முன்னாடி ஒருத்திய நீயே புடிச்சு விட்டியா? உன்னைய எல்லாம் வீட்டுலயே கட்டி வைக்கணும்டி." பஸ்ஸில் இருந்தவர்களிடம் எல்லாம் முறையிட்டாள். கண்டக்டர் அவள் கட்சி.

இப்போது என் தோளில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். எழுதுகிற கை மரத்துப்போச்சு. இருக்கட்டும், வத்தலக்குண்டு வந்ததும் எழுப்பிக்கொள்ளலாம்.